என் மடக்கு சைக்கிளின் லீவர்

தம்பி,

கைகூப்புகிற அந்தச் சின்னப் படத்தை நீ வாட்ஸ்அப்பில் அனுப்பி இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. அதற்குக் கீழே, "சாரிம்மா, உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்று ஒரு வரி. நான் பதில் போடவில்லை என்று நித்யாவிடம் குறைப்பட்டுக்கொண்டாயாம். பெண்டாட்டியிடம் குறைப்பட்டுக்கொள்ள நேரம் இருக்கிறது, பரவாயில்லை. ஒரு வரியில் அடங்குகிற பதில் என்னிடம் இல்லை, அதனால்தான் உட்கார்ந்து இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பத்திரிகைக்கும் ஒரு பிரதி அனுப்பப்போகிறேன். பயப்படாதே, உன் பெயரை எங்கேயும் போடவில்லை, மற்றவர்கள் பெயரையும் மாற்றிவிட்டேன். பெற்றவளுக்கு நல்லது செய்கிறேன் என்று கிளம்புகிற பிள்ளை நீ ஒருவன் மட்டும் இல்லையே. நாலு பேர் படிக்கட்டும்.

அந்த சைக்கிளை வாங்கிக் கொடுத்தவனே நீதான். உன் அப்பா போன பிறகு அவருடைய ஸ்கூட்டரைத் தொடக்கூட எனக்கு மனசு வரவில்லை. மினி பஸ்ஸை நம்பினால் கொரடாச்சேரியில் காலை ரயில் கிடைக்காது. வாரத்தில் இரண்டு நாள் தஞ்சாவூருக்குத் தாமதமாகப் போய், வருகைப் பதிவேட்டின் முன்னால் தலைகுனிந்து நிற்பேன். இதையெல்லாம் போனில் புலம்பியதைக் கேட்டுத்தான், முதல் வேலை கிடைத்த வருஷம் தீபாவளிக்கு அட்டைப்பெட்டியோடு வந்தாய். பிரித்துப் பார்த்துவிட்டு, "ஏண்டா, இது சைக்கிளா, துணி தேய்க்கிற மேசையா?" என்று நான் சிரித்தேன். உன் முகம் வாடிப்போனது. பிறகு நீயே அதை விரித்து, நடுத்தண்டின் மடிப்பை நேராக்கி, அதன் லீவரைத் தள்ளி "டக்" என்று பூட்டிக் காட்டினாய். "இந்த லீவர்தான்மா எல்லாமே. இது இறுகினா ரெண்டு பாதியும் ஒரே சைக்கிள். இறுகலைன்னா நடுரோட்டுல மடிஞ்சிரும். ஏறுறதுக்கு முன்னால ஒரு தடவை ஆட்டிப் பாரு" என்றாய். நான்கு வருஷம் தினமும் ஆட்டிப் பார்த்துத்தான் ஏறினேன். உன் பேச்சை நான் கேட்கவில்லை என்று நீ சொல்ல முடியாது.

அந்த நான்கு வருஷம் எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கை வந்திருக்காது என்று இன்னமும் நம்பப் பார்க்கிறேன். ஐம்பத்து நாலு வயதில் புடவையிலிருந்து சுடிதாருக்கு மாறினேன். குடவாசல் சாலையில் முதல் வாரம் பேசாத வாய் இல்லை. இரண்டாவது மாதத்திலேயே பேசிய வாய்களில் பாதி, "எங்க வாங்குனீங்க, என் மருமவளுக்கும் ஒண்ணு வேணும்" என்று கேட்டன. வீட்டிலிருந்து வெட்டாற்றங்கரை வழியாக ஸ்டேஷனுக்கு ஆறு கிலோமீட்டர். மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை. ரயில் வருவதற்குள் மடக்கி, உறை போட்டு, பெண்கள் பெட்டியில் கதவோரம் சாத்திவிடுவேன். மன்னார்குடிக்குப் பூக் கொண்டு போகிற பெண்கள் நீடாமங்கலத்தில் இறங்கும்போது அதைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். தஞ்சாவூரில் இறங்கி விரித்தால் பத்தே நிமிஷத்தில் விதைப் பரிசோதனைக் கூடம். யாருக்காகவும் காத்திருக்காமல், யாரையும் கேட்காமல் போய்வருவதை நான் வாழ்க்கையில் முதல்முறையாக அப்போதுதான் அனுபவித்தேன்.

அதைப் பார்த்துக்கொள்ள எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஸ்டேஷன் பக்கத்தில் கடை வைத்திருக்கும் குமரேசன். அவரும் அதற்கு முன் இந்த மாதிரி வண்டியைத் தொட்டதில்லை. போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். சின்னச் சக்கரத்தில் காற்று குறைந்தால் இரண்டு மடங்கு மிதிக்க வேண்டும், அதனால் வாரம் ஒரு தடவை காற்று. அறுவடைக் காலத்தில் ரோட்டில் கிடக்கிற வைக்கோல் செயினில் சுற்றிக்கொள்ளும், அதை இழுக்காமல் பின்பக்கமாகச் சுற்றி எடுக்க வேண்டும். மழையில் நனைந்தால் உறையைப் போடக்கூடாது, உள்ளேயே துருப்பிடிக்கும். லீவரைக் கழற்றித் துடைப்பது மட்டும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போதும் என்றார். எனக்கு மனசு கேட்காது. வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு துலக்குவதுபோல ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த லீவரைக் கழற்றி, ஒரு பாட்டில் மூடியில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டு, பழைய மஞ்சள் புடவைத் துண்டால் துடைத்து, கிரீஸ் தடவி மாட்டுவேன். "அக்கா, நீங்க தேய்க்கிற தேய்ப்புல அது கரைஞ்சே போயிரும்" என்பார் குமரேசன். அந்த அதிகப்படியான அக்கறைதான் உனக்கு வழி திறந்துவிட்டது.

என் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். குறுவை அறுவடை சமயத்தில் ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல்லைக் காயப்போட்டிருந்தார்கள். எதிரே டிராக்டர் வந்ததால் ஒதுங்கினேன். சின்னச் சக்கரம் நெல்லில் வழுக்கி, இடது கையை ஊன்றி விழுந்தேன். எலும்பு முறியவில்லை, மணிக்கட்டு வீங்கியது. உன்னிடம் கொல்லைப்புறத்தில் பாசி வழுக்கிவிட்டது என்று பொய் சொன்னேன். சொன்னால் சைக்கிள் போய்விடும் என்ற பயம். தீபாவளிக்கு நீ வந்தபோது நெல்லுக்காரர் உன்னை வழியில் நிறுத்தி, "அம்மாவுக்குக் கை தேவலையா தம்பி? எங்க நெல்லுலதான் வுழுந்துட்டாங்க" என்று கேட்டுவிட்டாராம், பின்னால் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ வீட்டுக்கு வந்து என்னைத் திட்டியிருக்கலாம். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பரண்மேல் போட்டிருக்கலாம். சண்டை போட்டிருப்பேன், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன், கடைசியில் ஏதாவது ஒரு முடிவுக்கு வந்திருப்போம். நீயோ ஒன்றுமே தெரியாதவன் மாதிரி அதிரசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய்.

தீபாவளிக்கு மறுநாள் சனிக்கிழமை. விழுந்ததிலிருந்து சக்கரம் லேசாக ஆடுகிறது என்று குமரேசன் கடையில் கொடுத்துச் சரிசெய்தேன். மழை பிடித்துக்கொண்டதால் ஏறி ஓட்டாமல், மடக்கியபடியே மினி பஸ்ஸில் கொண்டுவந்தேன். ஞாயிறு மத்தியானம் வழக்கம்போல லீவரைக் கழற்றி மூடியில் ஊறப்போட்டுவிட்டு, உனக்குச் சோறு போட உள்ளே வந்தேன். நீ சாப்பிட்டுக் கை கழுவக் கொல்லைப்புறம் போனாய். நான் ஏனம் கழுவிவிட்டு வந்து பார்த்தால் துவைக்கிற கல்மேல் மூடி இருக்கிறது, மண்ணெண்ணெய் இருக்கிறது, லீவரைக் காணவில்லை. துண்டுத் துணியும் இல்லை. நீ கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தாய். எழுப்பினேன். எழுந்து வந்து என்கூடவே குனிந்து தேடினாய் தம்பி. சாக்கடைக்குள் குச்சியை விட்டுக் கிளறினாய். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ம்மா, நீ லீவரைக் கழட்டவே இல்ல போலருக்கு. நேத்து கடையிலேயே விட்டுட்டு வந்துட்டே. வெறும் மூடியில மண்ணெண்ணெய் ஊத்தி வெச்சிட்டு, போட்டதா நெனச்சிட்டிருக்கே" என்றாய்.

கழற்றிய ஞாபகம் எனக்கு இருந்தது. ஆனால் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை கழற்றியிருக்கிறேன். எந்த ஞாயிறு எது என்று எப்படிப் பிரிப்பது? நீ சொன்னதும் குழம்பிவிட்டேன். பெற்ற பிள்ளை ஏன் பொய் சொல்லப்போகிறான் என்ற இடத்தில் என் யோசனை நின்றுவிட்டது. திங்கட்கிழமை குமரேசன் கடைக்குப் போனேன். அவர் டப்பாக்களை எல்லாம் கவிழ்த்துத் தேடினார். "அக்கா, நான் லீவரைத் தொடவே இல்லக்கா. பின்சக்கரத்தை மட்டுந்தான் கழட்டுனேன்" என்றார். வெளியே வந்து உனக்குப் போன் செய்தேன். நீ சென்னைக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாய். "அந்தாளு தொலைச்சிட்டுப் பொய் சொல்றான்மா, விடாதே" என்றாய். நான் திரும்பிப் போய், பக்கத்து டீக்கடையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, "தொலைச்சா தொலைச்சேன்னு சொல்லுங்க குமரேசு, பொய் சொல்லாதீங்க" என்றேன். அந்த மனுஷன் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "சரிங்கக்கா" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு நான் அந்தக் கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த லீவர் தனியாகக் கிடைக்குமா என்று சென்னைக் கடையில் விசாரிக்கச் சொன்னேன். "கேட்டேன்மா, ஸ்டாக் இல்லியாம்" என்றாய். நீ அந்தக் கடைப்படியே ஏறவில்லை என்பது இப்போது தெரிகிறது. தஞ்சாவூரில் ஒரு பட்டறையில் இரும்பில் ஒன்று அடித்துக் கொடுத்தார்கள். அது இறுகவே இல்லை. மறுபடியும் மினி பஸ், மறுபடியும் தவறிய ரயில், மறுபடியும் வருகைப் பதிவேடு. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அதன் பிறகு நீ ஒவ்வொரு போனிலும் ஒரு சொட்டு விட்டாயே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. "கேஸ் ஆஃப் பண்ணியாம்மா? நெஜமா பண்ணியா? நல்லா யோசிச்சுப் பாரு." "மறதி வந்துருச்சும்மா உனக்கு, வயசாயிருச்சுல்ல." ஒரு டாக்டரின் வீடியோவையும் அனுப்பினாய், மறதி நோயின் முதல் அறிகுறிகள் என்று. அதை மூன்று தடவை பார்த்தேன். சாவியை எங்கே வைத்தேன் என்று காலண்டரில் எழுதிவைக்க ஆரம்பித்தேன். பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன்.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். விதை நெல்லை ஈரத்தாளில் நூறு நூறாக அடுக்கிவைத்து, முளை வந்ததும் நல்ல முளை எத்தனை, கோணல் எத்தனை, செத்தது எத்தனை என்று எண்ணிச் சொல்வது. அந்த எண்ணிக்கையை நம்பித்தான் ஒருவர் திருத்துறைப்பூண்டியில் நாற்றங்கால் விடுகிறார். இருபத்தாறு வருஷத்தில் என் எண்ணிக்கையை மறுபடி எண்ணச் சொன்னவர் இல்லை. கார்த்திகையில் நானே எண்ணியதை நானே நம்பாமல் மூன்று தடவை எண்ணினேன். பக்கத்து மேசைப் பெண்ணைக் கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொன்னேன். மார்கழியில் மேலதிகாரியிடம் போய், எனக்குக் கண்ணும் ஞாபகமும் சரியில்லை, எண்ணுகிற வேலையிலிருந்து விடுவித்துக் கடிதம் பதிகிற மேசைக்கு மாற்றிவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். என் கையெழுத்துப் போட்டு நானே எழுதிக் கொடுத்தேன் தம்பி. அதை உன்னிடம் சொன்னபோது, "நல்ல முடிவும்மா" என்றாய்.

மாசியில் உன் புது வீட்டுக் கிரகப்பிரவேசம். பால் காய்ச்சி முடித்து, ஐயர் தோரணம் கட்ட ஆணி கேட்டார். நித்யா உன் கருவிப்பெட்டியை என்னிடம் கொடுத்து, "இதுல பாருங்க அத்தை" என்றாள். திறந்தேன். சுத்தியலுக்கு அடியில் மஞ்சள் துணிச் சுருட்டு. என் புடவையின் கரையை எனக்குத் தெரியாதா? பிரிக்காமலேயே உள்ளே என்ன என்று கைக்குத் தெரிந்துவிட்டது. நித்யா எட்டிப் பார்த்து, "அதுவா, ஏதோ பழைய சைக்கிள் பார்ட்டாம் அத்தை. தூக்கிப் போடவான்னு கேட்டேன், வேணாம்னுட்டார்" என்றாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் அதை இடுப்பில் செருகிக்கொண்டு ஆணியை எடுத்துக் கொடுத்தேன். பந்தியில் பாயசம் பரிமாறினேன். வலங்கைமானிலிருந்து வந்த சம்பந்தியோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். அந்த போட்டோவில் நான் நன்றாகச் சிரித்திருப்பதாக நீ குரூப்பில் போட்டிருந்தாய்.

சாயங்காலம் என்னை எழும்பூருக்குக் காரில் கொண்டுவந்து விட்டாய். சிக்னலில் நின்றபோது கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "ஏன் தம்பி, அந்த லீவர் எங்கதான் போயிருக்கும்னு நினைக்கிறே?" என்று. அது அப்போது என் மடியில் இருந்த கைப்பைக்குள் இருந்தது. நீ ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்திருந்தால் போதும். "அம்மா, தப்புப் பண்ணிட்டேன்" என்று சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே மன்னித்திருப்பேன், சத்தியமாகச் சொல்கிறேன். நீ ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "இன்னுமா அதையே நெனச்சிட்டிருக்கே? அந்தக் கடைக்காரன் தொலைச்சிட்டான்மா. நாலு மாசமாச்சு, விடு" என்றாய். விட்டுவிட்டேன். ரயில் தாம்பரம் தாண்டியதும் லீவரை மடியில் வைத்து போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேன். நீ பார்த்துவிட்டாய் என்று போன் காட்டியது. ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டு, நான் மறுபடி விழுந்துவிடுவேனோ என்று பயம் என்றாய், தூக்கம் வரவில்லை என்றாய். பேச்சோடு பேச்சாக, "மாமாகூடக் கேட்டாரும்மா, உங்கம்மா இன்னுமா சைக்கிள்ல போறாங்கன்னு" என்றாய். அப்படியானால் பயம் மட்டும் இல்லை, உன் மாமனார் வீட்டுக்கு முன்னால் வெட்கமும் இருந்திருக்கிறது.

பயத்தை நான் புரிந்துகொள்ளாதவள் இல்லை. நீ பிளஸ் டூ படித்த வருஷம் நம் வீட்டு டிவி வேலை செய்யாமல் போனதே, நினைவிருக்கிறதா? மாடியில் கேபிள் வயரைப் பிடுங்கிவிட்டது நான்தான். உன்னிடம், கேபிள்காரர் இணைப்பைத் துண்டித்துவிட்டார் என்றேன். நீ தெருவில் அவர் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டாய். நான் சமையலறை ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். நீ பாஸான பிறகும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன வாரம் அவர் வீட்டைத் தேடிப் போய்ச் சொன்னேன். அவருக்கு அந்தச் சண்டை நினைவே இல்லை, காபி கொடுத்து அனுப்பினார். ஆகவே, ஒருவர் நல்லதுக்காக இன்னொருவர் தலையில் பழியைப் போடுவதை நீ எங்கே கற்றுக்கொண்டாய் என்று நான் வெளியே போய்த் தேட வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்று சொல்வேன். உனக்கு டிவி பார்க்கிற ஆசையைத்தான் நான் தடுத்தேன். உன் புத்தி சரியில்லை என்று உன்னையே நம்பவைக்கவில்லை.

ஊர் திரும்பியதும் லீவரோடு குமரேசன் கடைக்குப் போனேன். நான்கு மாதம் கழித்து என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உண்மையைச் சொல்லத்தான் போனேன். அங்கே போனதும் வாய் வரவில்லை. "என் பையிலயே கிடந்திருக்கு குமரேசு, நான்தான் கவனிக்கல" என்றேன். உன்னைக் காப்பாற்றத்தான் இன்னொரு பொய். "கெடைச்சிருச்சுல்ல, அது போதும்க்கா" என்று சொல்லி அவரே மாட்டிக் கொடுத்தார். ஆட்டிப் பார்த்தார். காசு வாங்கவில்லை. இரண்டு நாள் அதில் போய்வந்தேன். இரண்டு நாளும் அவர் கடையைத் தாண்டும்போது மிதிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் இறங்கி, எல்லாவற்றையும் சொன்னேன். உன் கருவிப்பெட்டி, மஞ்சள் துணி, கார், எல்லாம். அழுதுவிட்டேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா" என்றார். சனிக்கிழமை நான் சைக்கிளை விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரத்தில் நீ கடைக்கு வந்தாயாமே. "அண்ணே, இந்த லீவர் போயிருச்சுன்னா வேற கெடைக்குமா?" என்று கேட்டாயாம். அம்மாவுக்கு ஒன்று கூடுதலாக வாங்கிவைக்கப் பிள்ளை கேட்கிறான் என்று அவர் சந்தோஷப்பட்டாராம். இந்த மாடல் இப்போது வருவதில்லை, போனால் போனதுதான் என்று சொன்னாராம். "திங்கக்கெழமை நீங்க வந்து நின்னப்பவே புரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன் குமரேசு சொல்லல? நாலு பேர் முன்னால அப்படிப் பேசினேனே."

"என்னக்கா சொல்றது? சொன்னா நீங்க நம்பியிருக்க மாட்டீங்க. நம்பிட்டீங்கன்னா அப்புறம் யார்கிட்டக்கா போவீங்க? வீட்டுக்காரரும் இல்ல. இருக்கறது ஒரே புள்ள. நான் வெளியாளு, என்மேல கோவப்பட்டா ஒண்ணும் கொறைஞ்சிராதுன்னு விட்டுட்டேன்."

அந்த நான்கு மாதத்தில் அவர் கடைக்கு வருகிற ரயில் பயணிகள் குறைந்துவிட்டார்கள் என்பதை டீக்கடைக்காரர்தான் எனக்குச் சொன்னார். குமரேசன் அதைச் சொல்லவில்லை. நான் உன்னை இழந்துவிடக் கூடாது என்று ஒரு வெளியாள் தன் பெயரை விட்டுக்கொடுத்திருக்கிறார். நீயோ உன் அம்மாவுக்குத் தன்மேல் இருந்த நம்பிக்கையையே எடுத்துக்கொள்ளப் பார்த்தாய். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு உன்மேல் கோபம்கூட வரவில்லை, அவமானமாக இருக்கிறது.

நான் திங்கட்கிழமை மேலதிகாரியைப் பார்த்து, எண்ணுகிற மேசையைத் திரும்பக் கேட்கப்போகிறேன். எனக்கு மறதி இல்லை. விழுந்தால் விழுந்தேன் என்று இனி உன்னிடம் மறைக்காமல் சொல்வேன், அதற்கு உனக்கு உரிமை உண்டு. ரோட்டில் நெல் காய்ந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். ஒரு நாள் நிஜமாகவே என்னால் முடியாமல் போகும், அன்றைக்கு நானே நிறுத்திக்கொள்வேன். அதுவரை அதை முடிவு செய்கிற ஆள் நான்தான்.

சித்திரையில் லீவு போட்டு வருவதாக நித்யா சொன்னாள். வா. ஆனால் கொரடாச்சேரியில் இறங்கியதும் நேராக வீட்டுக்கு வந்துவிடாதே. காலை ரயிலுக்குக் கூட்டம் நிற்கிற நேரமாகப் பார்த்துக் குமரேசன் கடைக்குப் போ. டீக்கடையில் நாலு பேர் இருக்கிறார்களா என்று பார். நான் எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ, அதே சத்தத்தில், எடுத்தது நீதான் என்று சொல். நான் உனக்காக அதைச் சொல்லிவைக்க மாட்டேன், கூடவும் வர மாட்டேன். சொல்லிவிட்டு வா, சோறு போடுகிறேன்.

அம்மா